சிறுவர்க்குக் கற்பிக்கக் கற்றல்



தில்லி, மும்பை, கொல்கத்தா என்று பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், பள்ளிப் படிப்பை முடித்த மகளோ மகனோ, "தொடக்கப் பள்ளி ஆசிரியராகப் போகிறேன்" என்று சொன்னால், வீட்டுப் பெரியோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வர். "நல்ல வேலைதான், விடுமுறை உண்டு" என்பது ஒன்று. "சிறு பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித்தரப் பெரிய படிப்பு எதற்கு?" என்பது மற்றொன்று. இவற்றுள் பின்னதை இன்று சிறிது ஆராய்வோம்.

தலைநகரில் ஒரு பள்ளியில் நாம் பயிற்சி ஆசிரியராக இருந்த காலம். மூன்றாம் வகுப்பு, பயிற்று மொழி இந்தி. சில மாதங்களுக்கு முன்பு பெற்றோருடன் தமிழ்நாட்டிலிருந்து வந்த சிறுவன் ஒருவன் அவ்வகுப்பில் இருந்தான். எண்களைக் கேட்டு எழுதும் பாடம் நடந்தது. 'உன்தீஸ்' என்றோம், அதாவது 29. அவன் 39 என்று எழுதினான். 'உன்தாலீஸ்' என்றோம், அதாவது 39. அவன் 49 என்று எழுதினான். சிவப்பு மையால் கோடிட்டு, 'கவனம் போதாது' என்று எழுதிவிட்டோம். மறுநாள் அவன் ஏட்டைத் திறக்கவேயில்லை; தலை குனிந்தே அமர்ந்திருந்தான்.

நம்மை மேற்பார்த்த மூத்த ஆசிரியை அந்த ஏட்டைப் புரட்டினார். "தவறுகள் எல்லாம் சரியாகப் பத்துப் பத்துக் கூடுதலாக இருக்கின்றனவே! கவனமில்லாத பிள்ளை இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யுமா?" என்று கேட்டார். சிறுவனை அருகழைத்துத் தமிழில் விசாரித்தோம். "தீஸ் என்றால் முப்பதுதானே, டீச்சர்? இக்தீஸ் முப்பத்தொன்று. அப்படியானால் உன்தீஸ் முப்பத்தொன்பதுதானே?" என்றான்.

அவன் கூறியதில் அறிவின் குறை ஏதுமில்லை. தமிழில் இருபத்தொன்பது என்ற சொல்லுக்குள் இருபது இருக்கிறது. இந்திச் சொல்லோ முப்பதுக்கு ஒன்று குறைவு என்னும் முறையில் அமைந்தது. பத்துப் பத்துக் குச்சிகளாக மூன்று கட்டுகள் கட்டி அவன் கையில் கொடுத்து, ஒரு குச்சியை உருவச் சொன்னோம். "இதுதான் உன்தீஸ்" என்றதும் அவன் முகம் மலர்ந்தது. கோடிட்ட பக்கத்தை அவனே திரும்ப எழுதினான். கவனம் போதாதது அவனுக்கன்று, நமக்கே.

தொடக்கப் பள்ளி ஆசிரியராக ஆயத்தமாதல் என்பதன் உட்பொருள் இதுவே. கூட்டலும் கழித்தலும் நாம் அறிவோம். ஆனால் குழந்தையின் உள்ளத்தில் அவை எவ்வாறு உருக்கொள்கின்றன, எவ்விடத்தில் வழுக்குகின்றன என்பதை அறிவது தனியொரு கல்வி. தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. அதைத் தேடும் பழக்கம் தானாக வருவதன்று, பயின்றே வரவேண்டும்.

குஜராத்தில் 1885 முதல் 1939 வரை வாழ்ந்த கிஜுபாய் பதேகா, வழக்கறிஞர் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்தவர். 1920ஆம் ஆண்டில் பாவ்நகரில் பாலர் பள்ளி தொடங்கினார். 'திவாஸ்வப்னா' என்னும் அவரது நூலில் வரும் ஆசிரியர், முதல் நாள் பிள்ளைகளை மௌனமாக அமரச் செய்ய முயன்று தோற்கிறார். பின்னர்க் கதை சொல்லத் தொடங்கி வகுப்பைத் தம்வசமாக்குகிறார். தாம் திட்டமிட்டது பலிக்காதபோது பிள்ளைகள்மேல் பழி போடாமல் திட்டத்தை மாற்றிக்கொள்வதே அவரிடம் நாம் கற்கும் பாடம்.

இனி, இப்பணிக்குரிய தகுதிகளைக் காண்போம். பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் தொடக்கக் கல்விக்கான இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. பள்ளிகளிலேயே இருந்து பெறும் நேரடிப் பயிற்சி அதன் உயிர்நாடி. கல்வியியல் இளநிலைப் பட்டம் தொடக்க வகுப்புகளுக்குரிய தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சிறுவர்க்குக் கற்பித்தல் வேறொரு கலை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. நான்காண்டு ஒருங்கிணைந்த பட்டத்தையே 2030க்குள் அடிப்படைத் தகுதியாக்குவது 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் நோக்கமாகும்.

பட்டயத்தோடு ஆசிரியர் தகுதித் தேர்விலும் வெற்றி பெறுதல் வேண்டும். மத்தியத் தகுதித் தேர்வின் முதல் தாளில் குழந்தை வளர்ச்சி, இரு மொழிகள், கணிதம், சூழ்நிலையியல் ஆகிய ஐந்து பகுதிகளில் 150 வினாக்கள் உள்ளன. தேர்ந்தெடுக்கத்தக்க மொழிகளுள் தமிழும் ஒன்று என்பதை வெளிமாநிலத்தில் வாழும் நம் இளைஞர் நினைவிற்கொள்க.

எனினும் வாழும் மாநிலத்தின் மொழியைச் செம்மையாகக் கற்பது இன்றியமையாதது. வங்கத்தில் வங்காளமும் மராட்டியத்தில் மராத்தியும் அறியாத ஆசிரியர், பிள்ளையின் வீட்டு வாசலில் நின்று திரும்புபவரேயாவார். இரு மொழிகளுக்கிடையே வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு நற்பேறு உண்டு. புதிய மொழியில் வாய் திறக்க அஞ்சும் குழந்தையின் துன்பத்தை அவர்கள் நூலில் படித்தல்ல, தாமே பட்டு அறிந்திருக்கிறார்கள்.

சட்டமும் இவ்வழியையே காட்டுகிறது. 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்க நிலையில் தாய்மொழி வழியே கற்கப் போதிய வசதிகள் செய்துதர மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடற்தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துதலையும் தடை செய்கிறது. ஆசிரியரின் வாரப் பணி 45 மணி என்று வகுத்த அச்சட்டம், பாடத்துக்கு ஆயத்தம் செய்யும் நேரத்தையும் அதில் அடக்கியுள்ளது. குச்சிகளைக் கட்டுவதும் ஏடுகளை ஆய்வதும் வேலையின் பகுதியே என்பது இதனால் தெளிவாகும்.

ஆதலின் பெற்றோர்களே, உங்கள் மகள் சிறுவர்க்குக் கற்பிக்க விரும்பினால், "வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேளாதீர்கள். அண்டை வீட்டுக் குழந்தை ஒன்றைத் தினமும் அரைமணி நேரம் அவளருகே அமர்த்துங்கள். அக்குழந்தை தவறாகச் சொல்லும்போது, திருத்துவதற்கு முன் "ஏன் அப்படி நினைத்தாய்?" என்று அவள் கேட்கிறாளா என்று பாருங்கள். கேட்டாளாயின், அவளது ஆயத்தம் தொடங்கிவிட்டது.