கடன் வாங்கிய சுறுசுறுப்பு

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவர் இல்லை. அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்தும் ஆசிரியை. நான் செய்த ஒரு தவற்றையும், அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்த்துவிடுவான். எழுப்பினால் எரிந்து விழுவான். ஒருநாள் அவன் கீழுதடு புடைத்திருப்பதைப் பார்த்தேன். உள்ளே ஒரு சிறிய புகையிலைப் பை. கோபத்தில் வகுப்பு முழுவதும் பார்க்க அவன் புத்தகப் பையைக் கொட்டினேன். இன்னும் மூன்று பொட்டலங்கள் விழுந்தன. மறுநாள் அவன் பள்ளிக்கு வரவில்லை.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா சொன்னார்: "அவங்க அப்பா படுத்த படுக்கையா இருக்காரு டீச்சர். ராத்திரி கல்யாண மண்டபத்துல பந்தி பரிமாறப் போறான். தூக்கம் வராம இருக்கணும்னு கூட வேலை பார்க்கிற பசங்க அதைக் குடுத்திருக்காங்க." அவன் போதைக்காக அதை எடுக்கவில்லை, கண் விழித்திருக்க எடுத்திருக்கிறான். எனக்கு அதுவரை அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அவன் திரும்பி வரவேயில்லை.

நாம் எல்லாவற்றையும் 'போதை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மது மூளையின் வேகத்தைக் குறைக்கும். வேகத்தைக் கூட்டுபவை வேறு வகை; அவற்றைத் தூண்டிகள் என்கிறோம். தேநீரில் உள்ள காஃபின், புகையிலையில் உள்ள நிகோடின், கொடிய போதைப் பொருள்களான கொக்கைன், மெத்தாம்ஃபெட்டமின் எல்லாம் இந்த வகைதான். தீங்கின் அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

வகுப்பில் காஃபினை இப்படி விளக்குகிறேன். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது தனக்குரிய நாற்காலியில் உட்கார்ந்தால் நமக்குத் தூக்கம் வரும். காஃபின் முந்திக்கொண்டு அந்த நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அடினோசின் எங்கும் போய்விடவில்லை. வெளியே வரிசையில் நிற்கிறது. காஃபின் எழுந்ததும் மொத்தமாக உள்ளே வந்து உட்காரும். தூண்டி புதிதாகச் சக்தி எதையும் தருவதில்லை. நாளைய சுறுசுறுப்பை இன்றே கடனாக வாங்கித் தருகிறது. வட்டியை உடம்பு கட்டுகிறது.

பெரியவர்கள் உடலில் காஃபினின் அளவு பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உள்ளே இருக்கும். 'எனர்ஜி டிரிங்க்' எனப்படும் பானங்களில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபின் இருக்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி இடம் தருகிறது. குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்று அதே புட்டியில் எழுதியிருக்கும். தேர்வுக் காலத்தில் நம் பிள்ளைகள் குடிப்பது அதைத்தான். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். படித்தது மனதில் பதியத் தூக்கம் வேண்டும். அந்தத் தூக்கத்தையே விற்றுப் படிக்கிறார்கள்.

நிகோடின் இன்னும் தந்திரமானது. புகைத்தால் சில நொடிகளிலும், உதட்டில் அடக்கினால் சற்று மெதுவாகவும் மூளையை அடையும். டோபமின் சுரந்து இன்பம் தோன்றும். அட்ரினலின் சுரந்து இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும். சில மணி நேரத்தில் அளவு குறைந்ததும் எரிச்சல், அமைதியின்மை, கவனச் சிதறல் வந்துவிடும். அதைப் போக்க அடுத்த பொட்டலம். நாம் 'திமிர்' என்று எழுதி வைப்பது சில வேளைகளில் இந்த எரிச்சலாக இருக்கலாம். வாய்ப்புற்றுநோய் பின்னால் காத்திருக்கிறது. முடிவெடுக்கும் முன்மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயதாகிறது. அதனால்தான் வளரிளம் பருவத்தில் பழக்கம் எளிதில் வேரூன்றுகிறது.

மெத்தாம்ஃபெட்டமின் போன்றவை டோபமினை வெள்ளமாகக் கொட்ட வைக்கும். நாள்கணக்கில் தூக்கமும் பசியும் இருக்காது. பிறகு கடும் சோர்வு, மனச்சோர்வு, வீண் சந்தேகம், இல்லாத குரல் கேட்பது என மனம் குலையும். மாரடைப்போ பக்கவாதமோ இளம் வயதிலேயே வரலாம்.

ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும். கவனக் குறைபாடு, மிகை இயக்கம் உள்ள சில குழந்தைகளுக்கு மருத்துவர் தூண்டி வகை மருந்தையே அளந்து, கண்காணித்துத் தருவதுண்டு. அது சிகிச்சை. அந்தக் குழந்தையைச் சந்தேகப் பார்வை பார்க்க வேண்டாம்.

நாம் என்ன செய்யலாம்? தூங்கும் பிள்ளையைத் தனியே அழைத்து, "ராத்திரி எத்தனை மணிக்குப்பா படுத்த?" என்று கேளுங்கள். வகுப்பின் முன் பையைக் கொட்டாதீர்கள். விற்பவரை விடாதீர்கள்: பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. குழந்தைக்குப் புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி 7 ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. ஆலோசனைக்கு 14417, போதை மீட்புக்கு 14446, குழந்தை உழைப்பு போன்ற நெருக்கடிக்கு 1098 ஆகிய எண்களை வகுப்புச் சுவரில் எழுதி வையுங்கள்.

கடந்த ஆண்டு மற்றொரு மாணவன் அதேபோல் தலை சாய்த்தான். இந்த முறை கேட்டேன். பதில் வர நான்கு நாள் ஆனது. தலைமையாசிரியர், பெற்றோர், அரசு மருத்துவமனை ஆலோசகர் எல்லோரும் கை கொடுத்தோம். நடுவில் இருமுறை சறுக்கினான். ஆனாலும் பள்ளியை விடவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான்.

அவனைப் பார்க்கும்போதெல்லாம் முதல் மாணவனின் காலியிடமும் என் கண்ணில் படுகிறது. உங்கள் வகுப்பில் அப்படி ஓர் இடம் காலியாக வேண்டாம்.