குருதிக்குப் பச்சை நிறம்

(திருவண்ணாமலையில் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பப்சி எனும் கைப்பேசி விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். நூற்றுவர் ஒரு தீவில் இறங்குவர். ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துவர். இறுதிவரை எஞ்சுவோரே வென்றோர். இந்திய அரசு அதனை 2020 செப்டம்பர் 2ஆம் நாள் தடை செய்தது. நம் பிள்ளைகளின் உள்ளம் கெடும் என்றா? இல்லை, நாட்டின் இறைமையையும் பாதுகாப்பையும் கரணியமாகக் காட்டியே தடுத்தது. மறு ஆண்டே அவ்விளையாட்டு வேறு பெயர் பூண்டு திரும்பிற்று. அதில் சிந்தும் குருதி பச்சை நிறமாயிற்று. 'கொலை' எனும் பொருளுடைய ஆங்கிலச் சொல் நீங்கி, 'முடிப்பு' எனும் பொருளுடைய சொல் அமர்ந்தது. நிறத்தையும் சொல்லையும் மாற்றிவிட்டால் செயல் மாறிவிடுமோ?

ஆடுவோரெல்லாம் கொலைஞராவர் என்று நான் கூறவில்லை. அதற்குப் போதிய சான்றும் இல்லை. நடிப்புக் கொலை எல்லாமே தீது என்றும் கூறேன். நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதையம்மன் விழாவின்போது படுகளம் நடைபெறுகிறதே! மண்ணால் துரியோதனன் உருவை மல்லாத்திக் கிடத்துகிறோம். வீமன் அவன் தொடையைப் பிளக்கிறான். அதுவும் பொய்க்கொலைதான். ஆயினும், வீழ்ந்தவன் பகைவன் என்றறிந்தும் அவனுக்காக ஒப்பாரி எழுகிறது. கதை வடவர் கதை; அழுகையோ நம் தாய்மாரின் அழுகை.

இன்னும் கேளுங்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழக அரசின் தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் நூலாக வெளியிட்டது. அவற்றுள் ஒன்று எடுத்தனூர்க் கல். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், எருமைகளைக் காத்துப் பட்ட கருந்தேவக்கத்தி எனும் மறவனுக்கு எடுத்த கல் அது. கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் அக்கல் மறக்கவில்லை. கோவிவன் என்று அதன் பெயரையும் பொறித்து வைத்தது. நாய்க்கும் பெயர் பொறித்த இனம் நாம்!

கைப்பேசியில் வீழ்பவனுக்கு ஒப்பாரியும் இல்லை, கல்லும் இல்லை. அவன் வெறும் எண்ணிக்கை. நான் அஞ்சுவது இதற்கே. 2009இல் முள்ளிவாய்க்காலில் நம் உறவுகள் பல்லாயிரவர் மாண்டனர். வானிலிருந்து எடுத்த படங்களில் அவர்கள் புள்ளிகளாகவே தெரிந்தனர். வீழ்பவரை எண்ணிக்கையாக மட்டுமே கண்டு பழகிய பிள்ளை, நாளை அப்புள்ளிகளைத் தன் உடன்பிறந்தாராகக் காண்பானா?

பெற்றோர்களே! கைப்பேசியைப் பிடுங்குவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடாதீர். பிள்ளையின் அருகமர்ந்து, "வீழ்ந்தவன் யார்? அவனுக்கு அழுவார் யார்?" என்று நல்ல தமிழில் கேளுங்கள். நடுகல் நிற்கும் ஊருக்கு அவனை அழைத்துச் சென்று, அதிலுள்ள பெயரை அவன் வாயாலேயே படிக்கச் செய்யுங்கள். பகைவனுக்கும் அழத் தெரிந்தவனே மறவன். அழத் தெரியாதவன் வெறும் கருவி.

வாழ்க தமிழ்! வெல்க தமிழர் அறம்!