இல்லாள் எழுப்பிய இல்லம்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இல்லத்தை ஆள்பவள் இல்லாள் என்பது தமிழ் மரபு. அதற்கு ஆண்பாலாக 'இல்லான்' என்று சொல்லிப் பார்த்தால் இல்லத்திற்கு உரியவன் என்ற பொருள் வருவதில்லை. ஒன்றுமில்லாத வறியவன் என்றே பொருள் தருகிறது. மனைவி என்ற சொல்லும் மனையை ஒட்டிப் பிறந்ததே. மொழி இவ்வாறு வீட்டைப் பெண்ணுக்கே உரிமையாக்கி வைத்திருக்கிறது. ஆனால், பத்திரத்தில் அவள் பெயரை எழுதியவர் எத்தனை பேர்? கொத்தனாரின் கரணையை அவள் கையில் கொடுத்தவர் எத்தனை பேர்? கடல் கடந்த ஒரு நாட்டில் இந்த வினாவுக்குச் செயலால் விடை கூறிய பெண்களைப் பற்றியதே இவ்வுரை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அமெரிக்கஸ் என்றோர் ஊர். அதனருகே 1942ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் ஜோர்டன் முதலானோர் கொய்னோனியா என்னும் பண்ணையை நிறுவினர். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ட இடம் அது. அன்றைய தென்மாநிலத்தில் அதுவே பெருங்குற்றம். 1950களில் அப்பண்ணையோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று ஊரார் ஒதுக்கி வைத்தனர். ஒதுக்கப்பட்ட அந்த மண்ணில்தான் 1968இல் ஏழைகளுக்கு வீடு கட்டும் எண்ணம் முளைத்தது. அதில் தோள்கொடுத்த மில்லர்ட் ஃபுல்லரும் அவர்தம் துணைவியார் லிண்டாவும், ஆப்பிரிக்காவில் அன்று ஜயர் எனப்பட்ட நாட்டிலும் அம்முறையைச் செய்து பார்த்தனர். தாயகம் திரும்பி, 1976இல் 'ஹேபிடேட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற அமைப்பைத் தொடங்கினர்.

அதன் தொடக்கக்கால நெறி எளியது. வீடு தானம் அன்று. ஆதாயமும் வட்டியும் இல்லாத கடன். குடும்பம் மாதந்தோறும் செலுத்தும் தொகை அடுத்த வீட்டுக்கு அடித்தளமாகும். அதனோடு, வீடு பெறுவோர் பல நூறு மணி நேரம் தம் உடலுழைப்பையும் தரவேண்டும். 'வியர்வைப் பங்கு' என்று இதனைச் சொல்லலாம். கை நீட்டிப் பெற்றதாக ஒருவரும் தலைகுனிய வேண்டியதில்லை என்பதே இந்நெறியின் உட்பொருள்.

தொண்டர்களாகப் பெண்களும் வந்தனர். ஆனால் கட்டுமானக் களம் என்பது எந்த நாட்டிலும் ஆண்களின் உலகமாகவே இருந்து வந்திருக்கிறது. பெண் ஒருத்தி ஆணியை வளைத்துவிட்டால், "இப்படிக் கொடுங்கள் அம்மா" என்று சுத்தியலை வாங்கிக்கொள்ள ஒருவர் வந்துவிடுவார். அது அன்பாகவே இருக்கலாம். ஆயினும் அந்த அன்பில் அவள் கற்கவேண்டிய தொழில் அவள் கையை விட்டுப் போய்விடுகிறது. ஆணியை வளைக்காமல் அடிக்கக் கற்றவர் உலகில் எவருமில்லை.

1991ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில், பெண் தொண்டர்கள் கூடி அவ்வமைப்பின் வீடு ஒன்றைத் தாமே கட்டி முடித்தனர். பெண்கள் கட்டிய முதல் ஹேபிடேட் வீடாக அது போற்றப்படுகிறது. 1998இல் இம்முயற்சி 'பெண்கள் கட்டுகின்றனர்' என்னும் பொருள்படும் தனித் திட்டமாகவே உருப்பெற்றது.

இவ்வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டத்தால் ஆனவை. சுவரை முதலில் தரையில் படுக்கவைத்தே கோக்கின்றனர். பொதுவாக 16 அங்குலத்திற்கு ஒரு சட்டம். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து, அளவு ஒத்திருந்தால் கோணம் சரி என்று தெளிகின்றனர். பின்னர் வரிசையாக நின்று, ஒரு குரலுக்கு ஒன்றாகத் தூக்குகின்றனர். படுத்திருந்த சுவர் எழுந்து நிற்கிறது! முட்டுக் கொடுக்கின்றனர், ரசமட்டம் வைத்துப் பார்க்கின்றனர். சற்றுமுன் வெறுந்தரையாக இருந்த இடத்தில் உள்ளும் புறமும் தோன்றிவிடுகின்றன. ஆசிரியையும் செவிலியும் பாட்டியும் மாணவியும் அவ்வரிசையில் நிற்கலாம். அந்த வீட்டில் குடிபுக இருக்கும் தாயும் அவர்களுள் ஒருத்தி.

"பழகாத கைகள் கட்டிய வீடு நிற்குமா?" என்று ஐயுறலாம். தொழிலறிந்தவர் ஒருவர் உடனிருந்து கற்பிக்கிறார். அரசுத் தரப்பின் ஆய்வாளர் வந்து சரிபார்க்கிறார். ரசமட்டத்தின் நீர்க்குமிழிக்கு ஆண், பெண் வேறுபாடு தெரியாது.

இதன் பெருமை உணர, இன்னொரு செய்தியும் தேவை. அந்நாட்டில் 1974இல் சமக் கடன் வாய்ப்புச் சட்டம் வரும்வரை, பெண் என்பதற்காகவோ மணமாகாதவள் என்பதற்காகவோ ஒருத்திக்குக் கடனை மறுக்க முடிந்தது. கணவன் கையொப்பம் இன்றி வீட்டுக்கடன் பெறுவது அரிதாயிருந்தது. சட்டம் அவளுக்குக் கையொப்பமிடும் உரிமையைத் தந்தது; சார்லட் நகரப் பெண்கள் அந்தக் கைக்குச் சுத்தியலையும் தந்தனர். வீட்டைக் கட்டியவளுக்குக் கூரை ஒழுகினால் எங்கே பார்க்கவேண்டும் என்பது தெரியும்.

ஒரு வீட்டால் வீடற்றோர் துயர் தீர்ந்துவிடாது. நிலத்தின் விலையையும் கூலியின் அளவையும் தொண்டர்களின் சுத்தியல் மாற்றிவிடாது. அவை அரசும் சமுதாயமும் ஏற்கவேண்டிய கடமைகள். இதை மறைத்துத் தொண்டைப் புகழ்வது பொய்ப்புகழாகும்.

அமெரிக்கப் பெண்களை வியக்கும் வேளையில், தமிழகத்துச் சித்தாளையும் நினைக்கவேண்டும். மணலும் செங்கல்லும் கலவையும் சுமந்து சாரத்தில் ஏறும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக மாளிகைகளை எழுப்பி வருகின்றனர். ஆனால் சித்தாளாகச் சேர்ந்த ஆண் சில ஆண்டுகளில் கொத்தனாராகிறான். அவனோடு சேர்ந்த பெண்ணோ பெரும்பாலும் நரைத்த பின்னும் சித்தாளாகவே இருக்கிறாள். அவளிடம் வலிமை இல்லை என்று எவரும் சொல்லமுடியாது. அவள் தலையில் சும்மாட்டை வைத்த உலகம், கையில் கரணையை வைக்கவில்லை. அவ்வளவுதான்.

கவிஞர் பெருமக்களே! வீட்டின் விளக்கென்று பெண்ணைப் பாடியாயிற்று. அந்த வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியவளையும் இனிப் பாடுங்கள். கரணை அவள் கைக்கு வரும் நாளை விரைவுபடுத்தும் சொல் ஒன்று பிறக்குமானால், பத்தாண்டு கண்ட இந்த வட்டம் பயன்பெற்றதாகும்.