தட்டணு குறைந்தால் டெங்கு மட்டும்தானா?



மழைக்காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டெங்கு என்றுதான் பேச்சு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் தட்டணு குறைந்திருக்கும். உடனே நிலவேம்பு, பப்பாளி இலைச்சாறு என்று வீடே பரபரக்கும். பெரும்பாலும் அது டெங்குதான். பத்து நாளுக்குள் தட்டணு தானாக ஏறிவிடும்.

ஏறாவிட்டால்? கூடவே ஹீமோகுளோபினும் இறங்கியிருந்தால்? டெங்குவில் ரத்தம் கெட்டிப்படுவதுதான் வழக்கம். ரத்தக்கசிவு இல்லாமல் அதில் சோகை வருவது அரிது. ஈறில் ரத்தம், அடிபடாமலே தோலில் நீலத்திட்டு, விடாத காய்ச்சல், வெளுத்த முகம் இவை சேர்ந்து வந்தால் ரத்தப் புற்றுநோயா என்று அன்றைக்கே பார்த்துவிட வேண்டும். காத்திருக்கிற நோய் அல்ல அது. சோதனையும் பெரிதில்லை. முழு ரத்த எண்ணிக்கை, கூடவே ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. இயந்திரம் எண்ணித் தரும். அணுவின் முகத்தைப் பார்க்க மனிதக் கண் வேண்டும்.

வயதானவர்களுக்கு வருகிற மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இன்னும் தந்திரக்காரன். காலமெல்லாம் கரும்பு வெட்டியவர் முதுகு வலிக்கிறது என்றால் யார் சந்தேகப்படுவார்கள்? வலி ஊசி, சோகைக்குச் சத்து மாத்திரை, முடிந்தது. ஓய்வெடுத்தும் தீராத முதுகுவலி, சோகை, ஏறிய கிரியாட்டினின் மூன்றும் ஒருவரிடம் இருந்தால் மைலோமாவா என்று பார்க்க வேண்டும். அந்த வலி ஊசியே சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கும்.

கழுத்தில் வலிக்காத நெறி வாரக்கணக்கில் கரையவில்லையா? நம் ஊரில் காசநோய்தான் அதிகம், சரி. ஆனாலும் நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம் என்பதால், சதைச் சோதனை செய்யாமல் காசநோய் மாத்திரை தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதைவிட மோசம், காரணம் தெரியாமல் போடும் ஸ்டீராய்டு ஊசி. நெறி சுருங்கும், காய்ச்சல் தணியும், நோய் மறைந்துகொள்ளும்.

இடப்பக்க வயிறு கனக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்பவர்களுக்கு மண்ணீரல் வீங்கியிருக்கலாம். வெள்ளணு லட்சத்தைத் தாண்டியிருந்தால் நாள்பட்ட மைலாய்டு வகை ரத்தப் புற்றுநோயாக இருக்கக்கூடும். பயந்து ஓட வேண்டாம். இதற்கு இமாடினிப் என்ற மாத்திரை இருக்கிறது. அதன் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் நம் நாட்டுத் தயாரிப்பு மலிவாகவே கிடைக்கிறது.

முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ அனுப்பினால், பழைய ரத்த அறிக்கைகளைத் தூக்கிப்போடாமல் தேதிவாரியாக எடுத்துச் செல்லுங்கள். எண்ணிக்கை எப்போது மாறத் தொடங்கியது என்பதைத்தான் அங்கே முதலில் கேட்பார்கள்.