பெயரும் திணையும்



சென்னிமலைத் தறியில் நெய்த போர்வை ஆணா, பெண்ணா? இவ்வினா தமிழர்க்கு நகைப்பையே தரும். இந்தி பேசுவோர்க்கோ இது நாள்தோறும் விடை கூறியாக வேண்டிய வினா. அம்மொழியில் 'கம்பல்' எனின் ஆண்பால். 'சாதர்' எனின் பெண்பால். அதற்கேற்ப அடைமொழியும் வினையும் திரியும். செருமானியர் போர்வையை 'டெக்கெ' என்பர்; அது பெண்பால். சீன மொழியில் இவ்வாறு பால் பகுக்கும் வழக்கம் இல்லை. ஆயினும் 'ஒரு போர்வை' என எண்ணுங்கால் எண்ணுக்கும் பெயர்க்கும் இடையே 'தியாவ்' என்னும் அளவைச்சொல் வந்து நிற்கும். ஆற்றுக்கும் மீனுக்கும் வருவது அதே சொல்லாகும். நீண்டு கிடக்கும் தோற்றமே அங்கு இனம் பிரிக்கும் அளவுகோல். போர்வை ஒன்றே, அதற்குப் பெயரிடும் மொழிதோறும் இலக்கணம் வேறு.

வடமொழியில் மனைவியைக் குறிக்கும் சொற்களுள் 'பார்யா' பெண்பால், 'தார' ஆண்பால், அதிலும் பன்மையில் வழங்குவது, 'களத்ர' அலிப்பால். செருமானிய மொழியில் சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' என்னும் சொல்லும் அலிப்பாலே. 'ஷென்' என்னும் சிறுமைப்பொருள் விகுதி ஏற்ற சொற்கள் யாவும் அப்பாலில் அடங்கும் என்பதே அதற்குக் காரணம். கிழக்கு ஆப்பிரிக்கச் சுவாகிலி மொழி, பெயர்களைப் பல வகுப்புகளாக்கிச் சொல்லின் முன்னொட்டால் அவற்றை வேறுபடுத்தும். அரபியிலிருந்து சென்ற 'கிதாபு' என்னும் நூற்பெயரின் முதலெழுத்தை அம்மக்கள் தம் மொழியின் 'கி' என்னும் முன்னொட்டாகவே கொண்டு, பன்மையில் 'விதாபு' என்றனர். வந்த விருந்தாளிக்குத் தம் வீட்டு உடையை அணிவித்தது போன்றது அது. இம்மொழிகளில் பெரும்பாலும் சொல்லின் வடிவும் வழக்குமே இனத்தை வரையறுக்கின்றன.

தமிழ் இலக்கணம் தேர்ந்த வழி வேறு. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்ட நன்னூல் யாத்த பவணந்தி முனிவரின் ஊராகிய சனகாபுரம், சென்னிமலைக்கு வடக்கே பெருந்துறையை அடுத்துள்ள சீனாபுரமே எனக் கொங்கு ஆய்வாளர் கூறுவர். அவர் மக்கள், தேவர், நரகர் ஆகியோரை உயர்திணையில் வைத்து, உயிருள்ளவும் இல்லனவுமாகிய ஏனைய யாவற்றையும் அஃறிணையில் அடக்கினார். தொல்காப்பியர் கூற்றோ இன்னும் நுட்பமானது. மக்கள் என்று சுட்டும் கருத்து எங்கு உண்டோ அங்கே உயர்திணை என்பது அவர் கொள்கை. கருதுவோரின் மனமே திணையை வகுக்கிறது.

அங்ஙனமாயின் அம்மனம் யாரை மக்களாகக் கருதியது? உடன்பிறந்த தெலுங்கு மொழியில் ஆடவன் வந்தால் 'வச்சாடு'. பெண் வந்தாலும் பசு வந்தாலும் 'வச்சிந்தி'. பன்மையில்தான் மகளிர் ஆடவரோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகின்றனர். தமிழ் ஒருமையிலேயே 'அவள்' எனத் தனி ஈறு தந்தது பெருமைக்குரியது. எனினும் அப்பெருமையோடு நின்றுவிடலாகாது. பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைத் தொல்காப்பியர் நிரல்படத் தொகுத்துள்ளார். அந்நிரலில் அரசும் உண்டு, அடிமையும் உண்டு; குழவியும் விருந்தும் உண்டு. உறுப்புக்குறை பற்றிய சொற்களும் உண்டு. உரையாசிரியர்கள் 'குருடு' முதலியவற்றை அவற்றிற்குக் காட்டுவர். அரசன் 'அரசு' என அஃறிணை ஆனபோது அவன் முடி சாயவில்லை. மனிதன் ஒருவன் 'குருடு' என அஃறிணை ஆனபோது அவனிடம் எஞ்சியது குறை மட்டுமே.

இலக்கணம் எதிர்த்திசைக்கும் வாயில் திறந்தே வைத்துள்ளது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகியவை காரணமாகத் திணையும் பாலும் மயங்கலாம் என்பது நன்னூல் விதி. பசுவை அம்மை என அழைத்து 'வந்தாள்' என முடித்தல் அன்பின்பாற்பட்ட வழுவமைதி. கொங்கு நாட்டுத் தாய் தன் மகளைப் பற்றிப் 'புள்ள வந்துச்சு' என்கிறாள். அந்த அஃறிணையில் தாய்மை கனிகிறது. 'நாலு கூலி வந்துச்சு' என்னும் வாயிலும் அதே அஃறிணைதான். அங்கோ கூலி நிற்கிறது, தறியில் அமர்ந்த மனிதர் மறைந்து போகிறார். விகுதி ஒன்றே, உள்ளம் வேறு.

ஆதலின் பெயர்ச்சொல்லைத் தேர்வது ஓசைநயம் மட்டும் பற்றிய செயலன்று. 'குருடு', 'முடம்' என்ற இடத்தில் 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் வழக்கேறி, இன்று அரசுத் துறையின் பெயரிலேயே நிலைபெற்றுள்ளது. குறையை முன்னிறுத்திய பெயர் விலகி, ஆளை முன்னிறுத்தும் பெயர் வந்தது. இத்தகைய மாற்றங்களை இலக்கண நூல் பின்னர்ப் பதிவு செய்யும். வழக்கில் அவற்றைத் தொடங்கி வைப்போர் வேறு. அத்தொடக்கத்தில் கவிஞர்க்குப் பெரும்பங்கு உண்டு. 'கூலி' என்ற சொல் எழுதுகோல் முனையில் வந்து நிற்கும்போது, அதற்குப் பின்னே ஒருவர் நிற்கிறாரா என்று வினவும் கடமை அவர்களுடையது. பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்விலக்கிய வட்டத்தின் கவியரங்குகளில் அவ்வினா ஓயாது ஒலிப்பதாக.