பாட்டுக் கணக்கு யார் கையில்?

(காஞ்சிபுரத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த வாரம் முதலிடம் எந்தப் பாட்டு, இரண்டாமிடம் எந்தப் பாட்டு என்று ரேடியோ சொன்னது, டி.வி. சொன்னது, இப்போது கைப்பேசி சொல்கிறது. நாமும் கேட்டுக்கிட்டே இருக்கோம். எண்ணுனது யாரு, எங்க நின்னு எண்ணுனான், யாரை எண்ணாம விட்டான்னு மட்டும் கேக்கறதில்ல. அதைக் கேட்கத்தான் வந்தேன். இதைச் சினிமா அரட்டைன்னு நினைக்காதீங்க. யாரை எண்ணுவது, யாரை விடுவது என்பது அதிகாரம் சம்பந்தப்பட்டது. சேரியில் பிறந்தவனுக்கு அது தெரியும்.

1952இலிருந்து ஆரம்பிப்போம். அந்த வருஷம் நவம்பரில் லண்டனில் நியூ மியூசிகல் எக்ஸ்பிரஸ் பத்திரிகை, விற்பனை அடிப்படையில் இங்கிலாந்தின் முதல் பட்டியலை வெளியிட்டது. எப்படிப் போட்டாங்க? பெர்சி டிக்கின்ஸ் என்பவர் ஏறக்குறைய 20 கடைகளுக்குப் போன் போட்டு, எந்தத் தட்டு அதிகம் போச்சுன்னு கேட்டு எழுதினார். அவ்வளவுதான் தேசத்தின் ரசனை!

அதே வருஷம் இங்கே என்ன நடந்தது? தகவல் ஒலிபரப்பு மந்திரி பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவு என்று அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டினார். சாஸ்திரிய சங்கீதம் கேளுங்கள் என்றார். சனங்க கேட்டாங்களா? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியில வச்சாங்க. அந்த டிசம்பரில்தான் அங்கே அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' தொடங்கியது. பற்பசைக் கம்பெனி காசில் நடந்த இந்திப் பாட்டு வரிசை. தட்டு விற்பனையையும் நேயர் மன்றங்களின் ஓட்டையும் வைத்துப் படிவரிசை போட்டார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி அரசாங்கமே இறங்கி வந்தது. மேலேயிருந்து திணித்த ரசனையைச் சனங்கள் தோற்கடித்த கதை இது. சந்தோசம்தான்.

ஆனால் அந்தக் கணக்கிலும் நாம் எங்கே? தட்டு வாங்கினவன் எண்ணப்பட்டான். கார்டு போட எழுத்து தெரிஞ்சவன் எண்ணப்பட்டான். இரட்டைக் குவளை வச்ச டீக்கடையில, வெளியே நின்னு அதே பாட்டைக் கேட்டவன் எந்தக் கணக்குல வந்தான்? காதுக்குத் தீட்டு இல்லை. கணக்குக்கு இருந்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். பில்போர்ட் பத்திரிகை 1945 முதல் 1949 வரை கறுப்பர் பாட்டுகளுக்குத் தனிப் பட்டியல் போட்டது. பேரு என்ன தெரியுமா? 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. அதாவது, ஊருக்கு ஒரு பட்டியல், சேரிக்கு ஒரு பட்டியல். 1949இல் பேரை 'ரிதம் அண்டு புளூஸ்' என்று மாற்றினார்கள். பேர் மாறியது, தனிப் பட்டியல் நீடித்தது.

1991 மே மாதம் வரைக்கும் கடைக்காரர் வாயால் சொல்கிற தகவல்தான் ஆல்பம் பட்டியலுக்கு அடிப்படை. கடைக்காரருக்குப் பிடிச்சது, கம்பெனி கவனிச்சது எல்லாம் மேலே ஏறும். பிறகு 'சவுண்ட்ஸ்கேன்' வந்தது. பில் போடும்போதே பார்கோடு மூலம் விற்பனை பதிவாகிவிடும். அடுத்த மாசமே, ரேடியோக்காரன் தொடப் பயந்த என்.டபிள்யூ.ஏ. என்ற கறுப்பு ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. ஒரே மாசத்துல சனங்க ரசனை மாறிப்போச்சா? மாறினது எண்ணுற முறை. அதுவரை இருந்தும் இல்லாதவர்களாக ஆக்கப்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரிந்தார்கள்.

இயந்திரம் வந்துட்டா நியாயம் வந்துடுமா? 2018இல் பில்போர்ட் புது விதி கொண்டுவந்தது. சந்தா கட்டிக் கேட்டால் ஒரு புள்ளி. காசில்லாமல் விளம்பரத்தோடு கேட்டால் மூன்றில் இரண்டு புள்ளி. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டம், மாநிலங்களின் பிரதிநிதித்துவத்துக்காக அடிமைகளை ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. இரண்டும் ஒண்ணுன்னு சொல்ல வரல. ஒரு பக்கம் மனித உயிர், இன்னொரு பக்கம் பாட்டு வியாபாரம். ஆனாலும் இல்லாதவனின் காது முழுக்காது இல்லை என்று சொல்லத் துணிகிற மனசு நமக்குப் பழக்கமானது.

நம்ம ஊருக்கு வருவோம். சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடுகிற கானா, பாட்டி சொல்லி அழுகிற ஒப்பாரி, பறையின் அடி, இவற்றுக்குத் தட்டு ஏது, பார்கோடு ஏது? கானா சினிமாவுக்குள் போனால் கணக்கில் ஏறும். 2006இல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடியதும் ஊரே பாடியது. அதற்கு முன்னால் அந்தப் பாட்டு வகையைப் பாடிச் செத்தவர்கள் எத்தனை பேர்? யார் பேர் நமக்குத் தெரியும்?

கணக்கில் ஏறினாலும் பேர் ஏறுமா? நம்ம பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை வைத்து எழுதி, தீயோடு சேர்ந்து பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வந்து கோடிக்கணக்கான பார்வைகளைத் தாண்டியது. அந்த ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அட்டையில் மற்ற இரண்டு கலைஞர்கள் இருந்தார்கள், எழுதிய அறிவு இல்லை. பா. ரஞ்சித் உள்ளிட்டோர் கேள்வி கேட்ட பிறகுதான் அறிவுக்குத் தனியாக இணைய அட்டை வந்தது. கேட்காமல் இருந்தால்?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோர்வைப் புடவைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் நெய்ய, இன்னொருத்தர் பக்கத்துக் கரையின் நாடாவைத் தள்ள. அப்படித் தள்ளிய கை பல காலம் சின்னப் பிள்ளையின் கை. புடவைப் பெட்டியில் யார் பேர் இருக்கு? கடை பேர். விற்ற புடவைக்குக் கணக்கு இருக்கிறது, தள்ளிய கைக்குக் கணக்கு இல்லை.

அப்ப நாம என்ன செய்யறது? அவன் பட்டியல்ல முதலிடம் வாங்குறதே விடுதலைன்னு நினைக்க வேண்டாம். அந்தப் பட்டியல் அளப்பது விற்பனையை. ஒரு சாவுக்கு ஒரே ஒரு முறை பாடின ஒப்பாரியை எந்த எந்திரமும் அளக்காது. அதனால் பட்டியலே வேண்டாம் என்று ஒதுங்கவும் கூடாது. அங்கே காசு இருக்கிறது, உரிமை இருக்கிறது. ஒதுங்கினால் நம்ம பாட்டை வேற ஒருத்தன் பேர்ல பதிஞ்சுக்குவான்.

ரெண்டு வேலை. ஒண்ணு, பாட்டைக் கொடுக்கும்போது எழுதியவர் பேர், மெட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அண்ணன் தம்பிப் பேச்செல்லாம் அதுக்கப்புறம். இரண்டு, ஒவ்வொரு தெருவிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். யார் பாடினார், எந்தச் சாவில், எந்தக் கல்யாணத்தில், யாரிடம் கற்றார் என்று எழுதுங்கள். படிச்ச பிள்ளைங்க வீட்டுக்கு வீடு இருக்காங்க. பாட்டிகள்தான் வருஷத்துக்கு வருஷம் குறையுறாங்க.

நம்மை எண்ணச் சொல்லிக் கேட்போம். அவன் எண்ணுகிற வரை காத்திருக்காமல் நாமும் எண்ணத் தொடங்குவோம்.