“பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்” என்னும் அறிவுரை

(திண்டுக்கல் வட்டாரத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பிரதிநிதிகளுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



கிராம வளர்ச்சி என்றதும் சாலை, குடிநீர், வீடு ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். இன்று வீட்டின் சுவருக்குள் நடப்பதைப் பற்றிப் பேச விரும்புகிறோம். 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய அபிவிருத்தித் திட்டம் துவக்கப்பெற்றது. அக்காலத்து ஊழியர்கள் ஊர் ஊராகச் சென்று புகையில்லா அடுப்பின் நன்மையை எடுத்துரைத்தனர். தாய்மாரின் கண்ணைக் கரித்த புகை வளர்ச்சிப் பணிக்குரிய விஷயமாயிற்று. அதே அடுப்படியில் அவர்கள்மீது விழுந்த அடியோ, குடும்ப விவகாரம் என்று ஒதுக்கப்பட்டது.

இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பதன்று. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். நூற்பாலைத் தொழிலாளி வீட்டிலும் இது உண்டு. தோட்டந்துரவு உடையவர் வீட்டிலும் உண்டு. உத்தியோகஸ்தர் வீட்டிலும் உண்டு.

இதைக் கூறும் நாமும் அத்தகைய வீடொன்றில் வளர்ந்தவரே. தந்தையார் ஊரில் மதிப்புப் பெற்றவர். இரவில் திண்ணையில் அவர் செருப்பொலி கேட்டதும், பாடப் புத்தகத்தின் எழுத்துகள் நம் கண்ணுக்குத் தெரியாமற் போகும். மறுநாள் காலையில் அண்டை வீட்டார் குடத்துடன் வருவர், அன்னையாரின் வீங்கிய கன்னத்தைக் காண்பர், “தண்ணீர் வந்துவிட்டதா?” என்று மட்டும் கேட்டுச் செல்வர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி, ஏழெட்டு வயதுச் சிறுவனுடன் வீட்டு மனுவொன்றைக் கொடுக்க நம்மிடம் வந்தார். பேச்சினிடையே, கணவர் அடிப்பதைத் தயங்கித் தயங்கிக் கூறினார். “குடும்பம் என்றால் நாலும் இருக்கும் அம்மா, பிள்ளைக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். சிறுவன் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர்கள் சென்ற பின்னரே, அதே சொற்களை ஊர்ப் பெரியவர் ஒருவர் நம் அன்னையாரிடம் கூறியது நினைவுக்கு வந்தது. மறுநாள் ஊர்நல அலுவலர் அம்மையாரை அவர் வீட்டிற்கு அனுப்பினோம். “ஒன்றுமில்லை, கீழே விழுந்துவிட்டேன்” என்று கூறி அப்பெண்மணி கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று நாம் கூறிய அறிவுரை தவறானது. ஏன் என்பதை ஆராய்வோம்.

தாய் அடிபடும் வீட்டில் குழந்தையின் உடல் எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்தே இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் கெடுகிறது, படிப்பில் கருத்து ஊன்றுவதில்லை. 1998ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா ஆகியோரும் அவர்தம் குழுவினரும், 9,500க்கு மேற்பட்ட பெரியவர்களின் இளமைக் காலத்தை ஆராய்ந்து வெளியிட்டனர். தாய் அடிபடக் காண்பதும் அவர்கள் கணக்கிட்ட துன்பங்களுள் ஒன்று. அத்தகைய துன்பங்களுள் நான்கையோ அதற்கு மேற்பட்டவற்றையோ அனுபவித்தவர்களுக்கு, ஒன்றையும் அறியாதவர்களைவிட, குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை நான்கு முதல் பன்னிரண்டு மடங்கு மிகுதியாக இருந்தன.

நம் நாட்டின் செய்தியும் இதுவே. தந்தை தாயை அடித்த வீட்டில் வளர்ந்த பெண், தன் கணவரிடம் அடிபடும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று 2005-06ஆம் ஆண்டுக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தெரிவித்தது. கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்று மகன் கற்கிறான். பொறுப்பதே பெண்ணின் கடமை என்று மகள் கற்கிறாள். ஊரார் பேசாதிருப்பது அவ்விரு பாடங்களையும் உறுதிப்படுத்துகிறது. ஆகவே, பிள்ளைக்காகப் பொறுக்கும் பொறுமையின் விலையைப் பிள்ளையே செலுத்துகிறது.

எனினும் இது தலைவிதியன்று. அடியைக் கண்டு வளர்ந்தவர் அனைவரும் அடிப்பவர் ஆவதில்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் என்னும் அம்மையார் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார். மிகுந்த இடர்களுக்கிடையே வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையெய்தினர். நம்பத்தக்க பெரியவர் ஒருவரின் அன்பு கிட்டியது அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்று. அந்தப் பெரியவர் பாட்டியாகவும் இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம், அங்கன்வாடிப் பணியாளராகிய நீங்களாகவும் இருக்கலாம்.

நாம் செய்யத்தக்கவை யாவை? திடீரெனப் பேச்சைக் குறைத்த குழந்தை, சிறு ஓசைக்கும் நடுங்கும் குழந்தை, காரணமின்றிப் பிறரை அடிக்கும் குழந்தை ஆகியோரைத் தண்டியாமல், அருகில் அமர்த்தி விசாரியுங்கள். உதவி தேவையெனில் 1098 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். அடிபட்ட பெண் வாய் திறந்தால், முதலில் முழுவதும் கேளுங்கள். “உன்மீது குற்றமில்லை” என்று சொல்லுங்கள். பிரிந்து வா என்றோ, பொறுத்திரு என்றோ வற்புறுத்த வேண்டாம், முடிவு அவருடையது. வழியைக் காட்டுவது நம் கடமை.

வழியும் உண்டு. 2005ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டுமன்று, வசைமொழி, மிரட்டல், செலவுக்குப் பணம் தராமை ஆகியவையும் இதில் அடங்கும். வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருப்பினும், வாழ்ந்த வீட்டில் தொடர்ந்து வாழப் பெண்ணுக்கு உரிமை உண்டு. மாவட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் வாயிலாக நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம்; 60 நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டுமென்று சட்டம் கூறுகிறது. இரவு பகல் எந்நேரமும் 181 என்னும் எண்ணில் உதவி கோரலாம். இவ்வெண்ணை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் உரக்கச் சொல்லுங்கள்.

பூட்டுக்குப் பேர் பெற்றது நம் திண்டுக்கல். களவுக்கு அஞ்சிக் கதவைப் பூட்டுவது அறிவுடைமை. அடியைக் கண்டு வாயைப் பூட்டுவது அறிவுடைமையன்று. நாளைக் காலை குடத்துடன் செல்லும்போது அண்டை வீட்டுப் பெண்ணின் கன்னம் வீங்கியிருக்கக் கண்டால், தண்ணீரைப் பற்றிக் கேட்பதோடு நில்லாதீர்கள். “என்ன நேர்ந்தது அம்மா?” என்று தனியே அழைத்துக் கேளுங்கள். கதவருகில் நின்று ஒரு குழந்தை கேட்டுக்கொண்டிருக்கும். கேட்பதற்கு ஊரில் ஆள் உண்டு என்பதை அது அன்று அறிந்துகொள்ளும்.